பாறமடை லாரியும் எங்க முக்கும்: கருத்துக்கேட்புக்கு முன்னால என்ன அளக்கணும்?

குருசடி_முக்கு எழுதியது:

மக்களே, ஒரு காரியத்துக்கு உங்க உதவி வேணும், நீளமா இருக்கும், பொறுமையா வாசிங்க. எங்க ஊர் திருவட்டார் தாலுகாவுல ஒரு மலையடிவாரம். ஏற்கெனவே ரெண்டு பாறமடை (கல்குவாரி), கல்ல உடைச்சு ஜல்லியாக்குற கிரஷர் ஒண்ணு உண்டு. இப்ப மூணாவதா ஒரு பாறமடைக்கு பொதுமக்கள் கருத்துக்கேட்பு நோட்டீஸ் வந்திருக்கு. மலையில இருந்து இறங்குற ரோடு எங்க குருசடி முக்குல வந்துதான் பெரிய ரோட்டுல சேரும். ஒரு பக்கம் குருசடி, அதாவது குருசு வச்ச சின்னக் கோவில், எதிர்ல டீக்கடை, இடது கைப் பக்கம் ஒரு காம்பவுண்ட் சுவரும் பெரிய பலா மரமும். பஸ்ஸும் அங்கதான் நிக்கும், பிள்ளையளும் அங்கதான் நிக்கும்.

புது பாறமடைக்கான சுற்றுச்சூழல் பாதிப்பு ரிப்போர்ட்ட பஞ்சாயத்து ஆபீஸ்ல வச்சிருந்தாவ, போய் வாசிச்சேன். போக்குவரத்துன்னு ஒன்றரை பக்கம். ஒரு நாளைக்கு 22 லாரி, ஒரு லாரிக்கு 3 கார் கணக்கு, மொத்தம் 66, ரோடு ஒரு நாளைக்கு 2000 தாங்கும், அதனால பாதிப்பு இல்லன்னு முடிச்சிருக்காவ. குருசடி முக்குன்னு ஒரு வார்த்த கூட இல்ல. வாசிச்சு முடிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சிட்டு. ஆனா கூட்டத்துல எந்திரிச்சு நின்னு சத்தம் போட்டா ஒண்ணும் ஆகாதுன்னும் தெரியும். என்ன கேக்கணும், எப்படி கேக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சைட்_சிவில் எழுதியது:

நான் ரோடு வேலையில இருக்கேன், தெரிஞ்சத சொல்லுதேன்.

முதல்ல அந்த 22. ரிப்போர்ட்ல உற்பத்தி அளவு போட்டிருப்பாவ, அத பாத்து நீங்களே கணக்கு போடலாம். உதாரணத்துக்கு அஞ்சு வருஷத்துக்கு 3 லட்சம் கன மீட்டர்னு வச்சுக்கிடுங்க. வருஷத்துக்கு 60,000. வேலை நாள் 300ன்னா ஒரு நாளைக்கு 200 கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.6 டன், அப்ப 520 டன். 12 சக்கர வண்டி ஒண்ணு 24 டன் ஏத்தும்னா 22 லோடு. ஆனா லோடு கொண்டு போன வண்டி காலியா திரும்பி வரும்லா? முக்க பொறுத்தவரை அது 44 தடவ. அப்ப 66 இல்ல, 132.

ஆனா கவனமா கேளுங்க, இந்தக் கணக்க வச்சு மட்டும் சண்டை போட்டா தோத்துப்போவிய. ஏன்னா 132 ஆனாலும் 2000த்துக்குள்ளதான நிக்குது. அந்த 2000 இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கிராம ரோட்டுக்கு கொடுத்திருக்க அளவு, 3.75 மீட்டர் ஒத்தை வழி ரோட்டுக்கு. அஞ்சரை மீட்டர் ரோட்டுக்கு 6000. அது நேரா ஓடுற ரோட்டுல எவ்வளவு வண்டி போகலாம்ங்கிற கணக்கு, முக்குல ஒரு பிள்ள ரோட்டக் கடக்க முடியுமாங்கிற கணக்கு இல்ல. ரிப்போர்ட்ல பொய் எழுதல, கேக்க வேண்டிய கேள்விய கேக்காம விட்டிருக்காவ. நீங்க ரோட்ட விட்டுட்டு முக்குக்கு வாங்க.

முக்குல மூணு காரியம் பாக்கணும்: எவ்வளவு தூரம் தெரியுது, லாரி திரும்புறதுக்கு எவ்வளவு இடமும் நேரமும் எடுக்குது, எந்த நேரத்துல கூட்டமா வருது.

பழைய_டாரஸ் எழுதியது:

சிவில் தம்பி சொன்னதுல ரெண்டாவது காரியத்த நான் சொல்லுதேன், 19 வருஷம் டாரஸ் லாரி ஓட்டினவன். பாறையும் ஜல்லியும் பாறப்பொடியும் ஏத்தி களியக்காவிளை தாண்டி போனவன், அதனால டிரைவர் மேல குத்தம் சொல்லணும்னு சொல்லல.

12 சக்கர வண்டி இடது பக்கம் சின்ன ரோட்டுக்கு திரும்பணும்னா முதல்ல வலது பக்கம் ஒதுங்கணும். ஒதுங்காம திரும்பினா பின் சக்கரம் முன் சக்கரம் போன பாதையில வராது, உள்ள அறுத்துட்டு வரும். இந்த ஒதுங்குற நேரத்துலதான் ஆபத்து. பின்னால வாற பைக்காரன் லாரி வலது பக்கம் போகுதுன்னு நினைச்சு இடது பக்கம் கிடைச்ச இடத்துல தலைய விடுவான். அப்ப பாத்து வண்டி இடது பக்கம் மடங்கும். டிரைவருக்கு அவன் தெரியவே மாட்டான். முன்னெல்லாம் கிளீனர் இருப்பான், இடது பக்கம் எட்டிப்பாத்து கதவ தட்டுவான். இப்ப அநேகம் வண்டியில டிரைவர் ஒத்தையிலதான், கிளீனருக்கு கொடுக்குற சம்பளத்த மிச்சம் பிடிச்சிட்டாவ. அந்த ஒரு ஆள் போனது எவ்வளவு பெரிய நஷ்டம்னு ஸ்டியரிங் பிடிச்சவனுக்குத் தெரியும்.

அதுபோல கேபினுக்கு நேர் முன்னால, ஒட்டினாப்புல ஒரு சின்னப் பிள்ள நின்னா தெரியாது. உயரத்துல இருந்து தூரம் நல்லா தெரியும், கால் மாட்டுல தெரியாது. பஸ் ஸ்டாப்பும் முக்கும் ஒரே இடத்துல இருந்தா எனக்கு அப்பவே பயம்.

பால்வெட்டு_அஞ்சுமணி எழுதியது:

நான் காலைல அஞ்சு மணிக்கு ரப்பர் பால் வெட்டப் போறவன். பின் சக்கரம் உள்ள அறுக்கும்னு அண்ணன் சொன்னத நான் தினமும் கண்ணால பாக்கேன். எடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை, பெஞ்ச மறுநாள் எங்க பக்கத்து முக்குல பாத்தா, தார் விளிம்புல இருந்து மண்ணுக்குள்ள ரெட்டை டயர் தடம் அச்சு குத்தினாப்புல கிடக்கும். நான் வெட்டுக்கத்திய வச்சு அளந்து பாத்தேன், மூணு கத்தி நீளம் உள்ள இருந்து. அந்த இடத்துலதான் நாங்க நடந்து போவோம், வேற நடக்க இடமே கிடையாது. குடிதண்ணி பைப்பும் அதுக்கு அடியிலதான் போகுது, ரெண்டு தடவ உடைஞ்சிட்டு.

இன்னொண்ணு, பள்ளிக்கூட நேரத்துல லாரி ஓடக்கூடாதுன்னு கேக்குறது நல்ல காரியம்தான், நானும் கேப்பேன். ஆனா எங்க பக்கம் அப்படி வச்ச பிறகு எல்லா லாரியும் அந்த நேரத்துக்கு முன்னால ஓடி முடிக்கணும்னு அஞ்சு மணியில இருந்தே பறக்குது. இருட்டு, பனி, தலையில ஒரு லைட்டு, கையில வாளி. எங்களயும் பேப்பர் போடுற பையனயும் பால்காரனயும் யார் கணக்குல எடுப்பா?

குருசடி_முக்கு எழுதியது:

அண்ணே, இத நான் யோசிக்கவே இல்ல. பள்ளிக்கூட நேரம் ஒண்ணுதான் மனசுல இருந்துது.

பழைய_டாரஸ் எழுதியது:

பால்வெட்டு சொல்லுறது நூத்துக்கு நூறு. தடை நேரம் முடிஞ்ச உடனேயும் பாருங்க. அதுவரைக்கும் ரோட்டோரம் வரிசையா நிறுத்தி வச்சிருக்க பத்து வண்டியும் ஒண்ணா கிளம்பும். முன்னால நிக்கவன் போன பிறகு அடுத்தவன் இடைவெளி பாக்க மாட்டான், அவனுக்க வால பிடிச்சே முக்குல ஏறிடுவான். எங்களுக்கு மாசச் சம்பளம் இல்ல, நடைக்குத்தான் காசு. ஒரு நடை விட்டா அன்னைக்கு வீட்டுல கொடுக்க ஒண்ணும் இருக்காது. எனக்க மூத்த பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட நானும் அப்படி ஓட்டியிருக்கேன், இப்ப நினைச்சா நெஞ்சு பதறுது.

சைட்_சிவில் எழுதியது:

இதுதான் நான் மூணாவதா சொன்னது. நாள் சராசரி எடுத்தா இந்தக் கூட்டம் மறைஞ்சு போகும். 44 தடவைய பத்து மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு நாலஞ்சுதான், யாருக்கும் பயம் வராது. ஆனா அதுல பாதி ஒரு மணி நேரத்துக்குள்ள வந்தா முக்கு வேற முக்கு. ஏற்கெனவே இருக்க ரெண்டு பாறமடை, கிரஷர் வண்டியும் இதே முக்குக்குத்தான வருது, அதயும் சேத்தே கணக்கு பாக்கணும். புதுசா வாறத மட்டும் தனியா காட்டினா ஏத்துக்காதிய.

எண்ணுறது எப்படின்னா, 15 நிமிஷத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாள். காலை அஞ்சு மணிக்கு தொடங்கணும், ராத்திரி ஒம்பது வரைக்கும். ஒரு நாள் போதாது, முடிஞ்சா ஏழு நாள், இல்லன்னா சந்தை நாள் ஒண்ணும் சாதா நாள் ரெண்டும். லாரிய தனியா, அதுலயும் லோடா காலியா, 6 சக்கரம், 10, 12, அதுக்கு மேலன்னு பிரிச்சு. எங்க இருந்து வந்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு கோடு போடணும், இதுதான் ரொம்ப முக்கியம், நேரா போற வண்டியும் வலது திரும்புற வண்டியும் ஒண்ணில்ல. நடந்து போறவங்களயும் எண்ணுங்க, பிள்ளையள தனியா. யாராவது திடீர்னு பிரேக் அடிச்சா, ஒதுங்கி ஓடினா அதுக்கும் ஒரு கோடு. விபத்து நடந்தாத்தான் போலீஸ் கணக்குல வரும், தப்பிச்சது எங்கயும் வராது.

தெரியுற தூரம்: சின்ன ரோட்டுல முக்குக்கு 15 மீட்டர் முன்னால நின்னா பெரிய ரோட்டுல ரெண்டு பக்கமும் எவ்வளவு தெரியணும்னு ரோட்ஸ் காங்கிரஸ் கணக்கு உண்டு. பெரிய ரோட்டுல வண்டி 50 கிலோமீட்டர் வேகத்துல வந்தா 110 மீட்டர், 65ல வந்தா 145, 80ல வந்தா 180. ஏறக்குறைய எட்டு செகண்டுக்கு வண்டி ஓடுற தூரம் அது. பிடிச்சு அளக்க ஒரு நீள டேப் போதும். கண்ணு உயரம் 1.2 மீட்டர்னு வைங்க, கார்ல இருக்கவன் கண்ணு உயரம். பைக்காரனுக்க தலைய சுவர் மறைக்குதான்னு பாருங்க.

டீச்சர்_ரெண்டாம்வகுப்பு எழுதியது:

எனக்க கொழுந்தி போன வருஷம் ஒரு முக்குல ஸ்கூட்டில சறுக்கி விழுந்தா. லாரி எதுவும் இடிக்கல, பக்கத்துல கூட இல்ல. திரும்புற இடத்துல ஜல்லி சிந்திக் கிடந்துது, அவ்வளவுதான். முழங்கை உடைஞ்சு ரெண்டு மாசம் கை தூக்க முடியல, சோறு வடிக்க நான்தான் போனேன். இது எந்தக் கணக்குலயும் லாரி விபத்துன்னு வராது. அந்த ஜல்லி எங்க இருந்து வருது, தார்ப்பாய் போட்டா நிக்காதா?

சைட்_சிவில் எழுதியது:

டீச்சர், ரெண்டு இடத்துல இருந்து வருது. ஒண்ணு வண்டியில இருந்து சிந்துறது, அதுக்கு தார்ப்பாயும் பின் கதவும் சரியா இருக்கணும், பாடிக்கு மேல குவிச்சு ஏத்தக்கூடாது. ரெண்டாவது ரோட்டுல இருந்தே பெயர்ந்து வருது. லோடு வண்டி முக்குல நின்னு திரும்பும்போது பின்னால இருக்க ரெண்டு அச்சும் உருண்டு மட்டும் போகாது, தாரத் தேச்சு இழுத்துட்டு போகும். கையால மாவத் திருகினாப்புல. அதனாலதான் நேர் ரோடு நல்லா இருக்கும்போதே முக்கு மட்டும் குழியா கிடக்கும்.

எடை கூடினா சேதம் கொஞ்சம் கொஞ்சமா கூடாது, ஏறக்குறைய நாலாம் படியா கூடும். 1958ல இருந்து 1960 வரைக்கும் அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல லாரிய வட்டம் வட்டமா ஓட்டி சோதிச்சதுல இருந்து வந்த கணக்கு அது, இங்க ரோடு போடவும் அந்த அடிப்படையிலதான் பாக்கோம். அச்சு எடை 20 சதவீதம் கூடினா சேதம் ரெண்டு மடங்கு. ஒன்றரை மடங்கு எடைன்னா சேதம் அஞ்சு மடங்கு.

நாஞ்சில்_வயல்காரன் எழுதியது:

நான் தோவாளைப் பக்கம். எங்களுக்கு ஆரல்வாய்மொழி வழியா திருநெல்வேலி ஜில்லா லோடு வருது, கேரளாவுக்குப் போறது. அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் உண்டு, அது ஹைவேல வாறது, உங்களுக்கு வாறது ஊருக்குள்ள இடவழி மாதிரி ரோட்டுல. 12 சக்கர வண்டி 36 டன் வரைக்கும் ஏத்தலாம்னு சட்டமே சொல்லுதாம், எங்க ரோட்டுல 36 டன் கல்லா?

கிரஷர்_கணக்கு எழுதியது:

36 டன்ங்கிறது கல்லு மட்டும் இல்ல அண்ணே, வண்டியும் சேத்து. 2018ல கூட்டினாவ. ரெண்டு அச்சு 18.5, மூணு அச்சு அதாவது 10 சக்கரம் 28.5, நாலு அச்சு 36. வண்டி எடை போக மிச்சம்தான் லோடு.

நான் ஒரு கிரஷர்ல கணக்கு எழுதுறவன். இங்க எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எங்க இடத்துல முப்பது குடும்பம் வேலை பாக்குது, எனக்க வீட்டுலயும் அடுப்பு எரியுறது அதுலதான். ஜல்லி இல்லாம இங்க எழுதுற யாருக்க வீடும் எழும்பியிருக்காது, நாலுவழி ரோடும் வராது. அதே நேரம் எனக்க மவளும் ஒரு முக்குல நின்னுதான் பஸ் ஏறுறா.

அதனால சொல்லுதேன், கேட்டா கிடைக்கக்கூடிய காரியங்கள கேளுங்க. ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு உண்டு, வெளிய போற நேரம் அதுல இருக்கும். எடைமேடை சீட்டும் உண்டு. ரெண்டயும் மாசாமாசம் பஞ்சாயத்துல காட்டணும்னு நிபந்தனை கேளுங்க, அப்ப எத்தன வண்டி எந்த நேரத்துல போச்சுன்னு யாரும் சண்டை போட வேண்டாம். ஓவர்லோடுக்கு ஃபைன் 20,000 ரூபாயும் கூடுற டன்னுக்கு 2,000மும், மிச்சத்த இறக்கியும் வைக்கணும், மோட்டார் வாகனச் சட்டம் 194. கேட்டுக்கு வெளிய சக்கரம் கழுவுற தொட்டி கேளுங்க, நமக்கு ரெண்டு மழைக்காலம் உண்டுல்லா, சேறு முக்கு வரைக்கும் வந்து வழுக்கும். வண்டிய கேட்டுல இருந்து பத்து நிமிஷம் இடைவெளி விட்டு அனுப்பணும்னும் கேளுங்க. அது எங்க கையில உள்ள காரியம், ஒரு பைசா செலவு கிடையாது.

பழைய_டாரஸ் எழுதியது:

தம்பி, நீ எழுதினதுக்கு ரொம்ப சந்தோசம். பத்து நிமிஷ இடைவெளி ஒண்ணு கிடைச்சாலே பாதி ஜெயிச்சாச்சு.

குருசடி_முக்கு எழுதியது:

மூணு நாள் எண்ணி முடிச்சோம். டீக்கடை மாடியில நாலு பேர் மாறி மாறி இருந்தோம், காலேஜ் படிக்கிற ரெண்டு பிள்ளையளும் வந்தாவ. அளந்தத சொல்லுதேன்.

பலா மரத்துப் பக்கம் தெரியுற தூரம் 38 மீட்டர். மறுபக்கம் 95. சிவில் சார் சொன்ன 110 ரெண்டு பக்கமும் இல்ல. 50 கிலோமீட்டர் வேகத்துல வாற பைக்குக்கு 38 மீட்டர் மூணு செகண்டு கூட இல்ல. லோடு லாரி நின்னு கிளம்பி வால் முக்க விட்டு விலகுறதுக்கு எவ்வளவு நேரம்னு போன்ல 20 தடவ பிடிச்சோம், ஒம்பதுல இருந்து பதினொண்ணு செகண்டு. முக்குல ஏத்தம் வேற. அதாவது லாரி கிளம்பும்போது ரோடு காலியா இருந்தாலும், அது பாதி திரும்புறதுக்குள்ள தெரியாத இடத்துல இருந்து பைக் வந்து நின்னுடும். டிரைவர் மேலயும் தப்பில்ல, பைக்காரன் மேலயும் தப்பில்ல. இத அளந்து பாக்குறதுக்கு முன்னால நான் எத்தன டிரைவர மனசுக்குள்ள திட்டியிருப்பேன்.

மொத்த லாரியில பாதிக்கு மேல காலை அஞ்சே காலுக்கும் ஏழரைக்கும் நடுவுலதான். பால்வெட்டு அண்ணன் சொன்னது அப்படியே இருந்துது.

ரெண்டாவது நாள் ஒரு காரியம் பாத்தேன், இன்னும் கண்ணுல நிக்குது. ஒரு பிள்ள, மூணாங்கிளாஸ் இருக்கும், தண்ணிக் குப்பி கீழ விழுந்து உருண்டு போச்சு, எடுக்கக் குனிஞ்சுது. லாரி நின்னுட்டுதான் இருந்துது, ஆனா கேபினுக்கு நேர் கீழ அந்தப் பிள்ள. டீக்கடைக்காரர் ஓடிப்போய் பம்பர கையால அடிச்சாரு, டிரைவர் இறங்கி வந்து பாத்துட்டு அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாரு. ஒண்ணும் ஆகல. தாள்ல ஒரு கோடுதான் போட்டோம்.

டீச்சர்_ரெண்டாம்வகுப்பு எழுதியது:

பஸ் ஸ்டாப்ப முக்குல இருந்து தள்ளி வைக்க முடியாதா தம்பி? மத்தது எல்லாம் ஆகுற வரைக்கும் அதயாவது செய்யுங்க. குவி கண்ணாடி வச்சா என்ன?

சைட்_சிவில் எழுதியது:

டீச்சர் சொன்ன பஸ் ஸ்டாப்தான் உடனே செய்யக்கூடியது, செலவும் கம்மி. கண்ணாடி வைக்கலாம், ஆனா மழையில மங்கிடும், அதுல வண்டி நிஜத்த விட தூரமா தெரியும், அத நம்பி மரத்தயும் சுவரயும் விட்டுடக்கூடாது. சுவருக்காரர்ட்ட பேசி மூலைய மட்டும் உயரம் குறைக்க முடியுமான்னு பாருங்க, பலா மரத்த வெட்ட வேண்டாம், தாழ்ந்த கொம்ப கழிச்சாலே எவ்வளவு தெரியுதுன்னு அளங்க. பெரிய ரோட்டுல வேகத்தடை கேட்டா முறையான அளவுல கேளுங்க, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். கண்டபடி செங்குத்தா வச்சா லாரியில இருந்து கல்லு தெறிக்கும்.

ஒரு சிக்கல் சொல்லணும், பெரிய ரோடு நெடுஞ்சாலைத்துறைக்கு, இறங்கி வாற ரோடு உள்ளாட்சிக்குன்னு இருந்தா முக்கு ரெண்டு பேருக்கும் சொந்தம், அதனால ரெண்டு பேரும் தொட மாட்டாவ. மனுவ ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல கொடுங்க, கலெக்டர் தலைமையில இருக்க மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு நகல்.

கருத்துக்கேட்புல பேசுறதோட விடாம எழுத்துலயும் கொடுங்க. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி நோட்டீசுக்கும் கூட்டத்துக்கும் நடுவுல குறைஞ்சது 30 நாள் இருக்கணும். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்ப தமிழ்ல எல்லாருக்கும் கேக்க வாசிச்சுக் காட்டணும். உங்க 38 மீட்டர் அதுல இருக்கான்னு காது கொடுத்துக் கேளுங்க, விட்டிருந்தா அங்கயே எந்திரிச்சு சொல்லுங்க.

குருசடி_முக்கு எழுதியது:

கூட்டம் நேத்து முடிஞ்சுது. நான் பேசினது ஆறு நிமிஷம். சத்தம் போடல. தாளயும் போட்டோவயும் கொடுத்துட்டு, மூணு பாறமடை வண்டியயும் சேத்து குருசடி முக்குக்கு தனி ஆய்வு வேணும், வண்டி இடைவெளி விட்டு வரணும், அஞ்சு மணில இருந்து ஏழு மணி வரைக்கும் நடக்குறவங்களயும் கணக்குல எடுக்கணும், சக்கரம் கழுவுற தொட்டி வேணும்னு கேட்டேன். ரிப்போர்ட் செஞ்சவங்க பக்கத்துல இருந்து ஒருத்தர் எந்திரிச்சு ரோடு 2000 தாங்கும்னு தொடங்கினாரு. நான் 44 தடவைன்னு மட்டும் சொல்லிட்டு, ரோட்ட பத்தி எனக்கு கேள்வி இல்ல சார், முக்குல 38 மீட்டர்தான் தெரியுது, அதுக்கு என்ன செய்வியன்னு கேட்டேன். பதில் வரல. குறிப்பு வாசிக்கும்போது 38 இருந்துது, காலை அஞ்சு மணி விட்டுப்போச்சு. பால்வெட்டு அண்ணன் நேர்ல வந்திருந்தாவ, அவியளே எந்திரிச்சு சொல்லி சேக்க வச்சாவ.

முடிவு சென்னையில இருந்து வரணும், அது எப்ப வரும்னு தெரியாது. அதுக்குள்ள சுவருக்காரர் மாமா மூலைய ரெண்டு அடி குறைக்க சம்மதிச்சிட்டாரு, பலாக் கொம்பு ரெண்ட அவரே கழிச்சுத் தாறேன்னாரு. பழம் இறக்கின பிறகுதான்னு சொன்னாரு, செரின்னோம்.

சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு திரும்ப அளக்கப் போறோம். சிவில் சார் வாறேன்னு சொல்லியிருக்காரு. டேப் எங்கிட்ட 30 மீட்டர்தான் இருக்கு, 50 மீட்டர் டேப் யாருட்டயாவது இருந்தா சொல்லுங்க.

கிரஷர்_கணக்கு எழுதியது:

எங்கிட்ட இருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீக்கடையில கொடுத்துட்டுப் போறேன்.